யாரோடு இருத்துவது?

பிள்ளைக்குப் பத்து வயதானால் போதும், பாரிசின் புறநகர்களில் வாழும் எமது குடும்பங்களில் ஒரு பேச்சுத் தொடங்கிவிடும். "உந்த அரசாங்கப் பள்ளிக்கூடத்தில விட்டால் பிள்ளை பழுதாப் போயிடும். எப்பிடியாவது பிறிவேயில போடுங்கோ." கலியாண மண்டபத்தில், லா சப்பல் கடைத்தெருவில், இரவு பதினொரு மணிக்குக் குசினி நிலம் கழுவும்போது, எங்கும் இதே பேச்சுத்தான்.

நாமும் இப்பேச்சுக்கு வெளியே நின்று புத்தி சொல்பவர்கள் அல்ல. ஒரு கத்தோலிக்கத் தனியார் பாடசாலையின் விண்ணப்பப் படிவம் எமது வீட்டு அலுமாரியிலும் கிடக்கிறது. அதை ஏன் நிரப்பவில்லை என்பதையே இங்கு எழுத வந்தோம்.

முதலில், காசு கொடுத்து நாம் வாங்குவது என்ன என்று பார்ப்போம். பிரான்சில் தனியார் பாடசாலைகளில் மிகப் பெரும்பாலானவை 1959-ஆம் ஆண்டின் துப்ரே சட்டத்தின்படி அரசோடு ஒப்பந்தம் செய்துகொண்டவை. அங்கே ஆசிரியருக்குச் சம்பளம் கொடுப்பது அரசு. பாடத்திட்டமும் அரசினுடையதே. பரீட்சையும் அதுவே. அப்படியானால் மாதாமாதம் நாம் கட்டும் காசு எதற்கு? கட்டிடத்துக்கும் நிருவாகத்துக்கும் என்று பற்றுச்சீட்டில் இருக்கும். பற்றுச்சீட்டில் இல்லாத ஒன்றும் உண்டு. அரசாங்கப் பாடசாலை தனது எல்லைக்குள் வசிக்கும் எந்தப் பிள்ளையையும் திருப்பியனுப்ப முடியாது. தனியார் பாடசாலை தெரிவுசெய்யலாம், மறுக்கலாம். நாம் விலை கொடுத்து வாங்குவது இந்த மறுப்பைத்தான்.

மறுக்கப்படுவது யார்? பிரான்சின் கணக்காய்வு நீதிமன்றம் 2023 ஜூனில் வெளியிட்ட அறிக்கையின்படி, 2021-இல் அரசாங்கப் பாடசாலை மாணவரில் 29.1 வீதத்தினர் உதவித்தொகை பெறும் ஏழைப் பிள்ளைகள். ஒப்பந்தத் தனியார் பாடசாலைகளில் அது 11.8 வீதம். கோப்பை கழுவுகிறவனின் பிள்ளை இதில் எந்தக் கணக்கில் வருவான் என்று நாம் யோசிப்பதில்லை. வெளியே நிறுத்தப்படுபவர்களின் வரிசையில் நின்றுகொண்டே கதவைப் பூட்டச் சொல்லிக் காசு கட்டுகிறோம்.

இன்னொன்று. வறிய பகுதிகளை முன்னுரிமைக் கல்வி வலயங்களாகக் குறித்து, 2017 முதல் அங்கே வாசிக்கத் தொடங்கும் முதலாம் வகுப்பையும், பின்னர் இரண்டாம் வகுப்பையும் இரண்டாகப் பிரித்தார்கள். ஓர் ஆசிரியருக்கு ஏறத்தாழ 12 பிள்ளைகள். அத்தகைய வகுப்பிலிருந்து பிள்ளையைக் கழற்றி, இருபத்தைந்துக்கு மேற்பட்டோர் இருக்கும் தனியார் வகுப்பில் கடன்பட்டுச் சேர்த்த குடும்பங்களை நாமறிவோம். கேட்டால், "அங்க படிப்பு நல்லம்" என்பார்கள். எந்தப் படிப்பு என்று கேட்டால் பதில் வராது. சற்று நேரம் கழித்து உண்மையான பதில் வரும்: "அங்க நல்ல பிள்ளையள்."

கெட்ட பிள்ளைகள் யார்? மாலியிலிருந்து வந்தவனின் பிள்ளை. அல்ஜீரியாவிலிருந்து வந்தவனின் பிள்ளை. அவர்களுக்கு நாம் வைத்திருக்கும் பட்டப்பெயர்களை இங்கே எழுதக் கூசுகிறது. ஆனால் எமது வீடுகளில், பிள்ளைகளின் முன்னிலையில், அவை கூச்சமின்றிச் சொல்லப்படுகின்றன. குசினியில் எம்மோடு ஒரே தொட்டியில் சட்டி கழுவுபவன் அவன். விசா அலுவலகத்தில் விடியற்காலையில் எமக்கு முன்னோ பின்னோ நிற்பவனும் அவனே. வேலையில் அவன் தோழன். வகுப்பில் மட்டும் அவன் பிள்ளை தீட்டு.

தீட்டு என்ற சொல்லைத் தெரிந்தே எழுதுகிறோம். யாழ்ப்பாணத்தில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் பாடசாலைக்குள் விடப்படாமலும், விடப்பட்டால் நிலத்தில் இருத்தப்பட்டும் வந்த காலம் ஒன்றிருந்தது. அரசு நன்கொடை பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் கொடுக்கவேண்டும் என்ற உத்தரவு வந்தபோது, 1930-ஆம் ஆண்டளவில், பாடசாலைகள் எரிக்கப்பட்டன. எரித்தவர்கள் கல்விக்கு எதிரிகள் அல்லர். தங்கள் பிள்ளைகளின் கல்வியில் மிகுந்த அக்கறை உள்ளவர்கள். அவர்களின் கேள்வியும் இதுவே: எங்கட பிள்ளையை யாரோட இருத்துறது?

அந்த நன்கொடைப் பாடசாலைகளும் இங்குள்ள ஒப்பந்தப் பாடசாலைகளைப் போலத்தான். சம்பளம் அரசினது, அதிகாரம் முகாமையாளருடையது. இலங்கையில் 1960, 1961-ஆம் ஆண்டுகளில் அவற்றிற் பெரும்பாலானவற்றை அரசு பொறுப்பேற்றது. அதற்கு முன்பே, 1945-இல், கன்னங்கராவின் முயற்சியால் பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை இலவசக் கல்வி வந்துவிட்டது. பின்னர் அதே அரசு தரப்படுத்தலால் எமது இளைஞரின் வழியை அடைத்ததையும் நாம் மறக்கவில்லை. ஆனாலும் எம்மிற் பலர் ஒரு சதமும் கட்டாமல் பல்கலைக்கழக வாசல்வரை போனோம். முடிக்காமல் ஓடிவந்தது யுத்தத்தாலேயன்றிக் காசில்லாமல் அல்ல. அந்த இலவசக் கல்வியில் வளர்ந்த நாம்தான் இன்று "சும்மா குடுக்கிற படிப்பில என்ன இருக்கு" என்கிறோம்.

அரசாங்கப் பாடசாலைகளில் குறையே இல்லை என்று சொல்ல நாம் வரவில்லை. செயின்-சன்-தெனி மாவட்டத்தில் ஆசிரியர் சுகவீனமென்றால் பதிலாள் வருவதில்லை. பிள்ளைகள் வாரக்கணக்கில் பாடம் இழக்கிறார்கள். இந்த மாவட்டத்தில் மிக நன்றாகக் கவனிக்கப்படும் பாடசாலையை விட, பாரிஸ் நகரில் மிகக் குறைவாகக் கவனிக்கப்படும் பாடசாலைக்கே வளம் அதிகம் என்று 2018-இல் பாராளுமன்ற அறிக்கையொன்று ஒப்புக்கொண்டது. 2024 ஜனவரியில் கல்வி அமைச்சரான அமெலி உதேயா-கஸ்தேரா, பதிலாசிரியர் இல்லாமையைக் காரணம் காட்டியே தன் பிள்ளையைத் தனியார் பாடசாலைக்கு மாற்றியதாகச் சொன்னார். அப்படி நடக்கவில்லை என்று அந்தப் பிள்ளைக்கு முன்பு படிப்பித்த ஆசிரியை மறுத்தார். ஒரு மாதத்துக்குள் கல்வி அமைச்சு அவரிடமிருந்து போய்விட்டது. அமைச்சர் சொன்னதும் எமது குசினிப் பேச்சும் ஒன்றாக இருப்பதைக் கவனியுங்கள். குறையைத் திருத்தும் அதிகாரம் உள்ளவரும் ஓடுகிறார். நாமும் அவர் பின்னால் ஓடுகிறோம்.

ஓடாதவர்களும் இருந்தார்கள். அதே 2024 பெப்ரவரி இறுதியில் செயின்-சன்-தெனி ஆசிரியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அவர்கள் கேட்டது கூடுதல் ஆசிரியர்களையும் ஒழுகாத கூரைகளையும்தான். வாரக்கணக்கில் அது நீடித்தது. பெற்றோரும் தெருவில் இறங்கினார்கள். நாம் யார் பிள்ளைகளைக் கெட்ட பிள்ளைகள் என்கிறோமோ, அந்தப் பிள்ளைகளின் தாய்மார் எமது பிள்ளைகளுக்கும் சேர்த்துப் பதாகை பிடித்தார்கள். எம்மவரை அங்கே விரல்விட்டு எண்ணலாம்.

"எங்களுக்கு வோட்டு இல்லை, எங்கட கதை ஆர் கேக்கப் போறான்?" என்று ஒரு சாட்டு உண்டு. பிரெஞ்சுக் குடியுரிமை இல்லாதவருக்கும் வாக்குரிமை தரும் தேர்தல் ஒன்று இந்நாட்டில் இருக்கிறது. ஒவ்வோர் ஒக்ரோபரிலும் நடக்கும் பெற்றோர் பிரதிநிதித் தேர்தல்தான் அது. தாய்க்கு ஒரு வாக்கு, தகப்பனுக்கு ஒரு வாக்கு. போட்டியிடவும் உரிமை உண்டு. பல பாடசாலைகளில் வாக்குச்சீட்டுப் பிள்ளையின் புத்தகப் பைக்குள்ளேயே வீடு வந்து சேர்கிறது. எமது வீடுகளில் அது பெரும்பாலும் உறை பிரிக்கப்படாமல் குப்பைக்குப் போகிறது. பெற்றோர் கூட்டம் மாலை ஆறு மணிக்கு, எமக்கு இரவு வேலை தொடங்கும் நேரம். உண்மைதான். ஆனால் கோவில் திருவிழாவுக்கு லீவு கேட்கத் தெரிந்த எமக்கு, வருடத்தில் இரண்டு மாலைகள் கேட்கத் தெரியாதா?

தனியாரில் விட்டவர்களைத் துரோகிகள் என்று நாம் எழுதவில்லை. எமக்குள் அந்தச் சொல் ஏற்கெனவே போதுமான அழிவைச் செய்துவிட்டது. பக்கத்துப் பாடசாலையில் பிள்ளைக்கு அடி விழுகிறது, யாரும் கேட்கவில்லை என்று மாற்றிய தாயை நாமறிவோம். அவளிடம் எமக்கு வழக்கில்லை. எமது வழக்கு, காரணம் கேட்டால் பாடத்தைச் சொல்லி, மனதில் நிறத்தை வைத்திருப்பவர்களோடு. அவர்களில் நாமும் அடக்கம். அந்தப் படிவத்தை வாங்கிவந்த நாளில் எமது மனதில் இருந்ததும் பாடம் அல்ல.

எமது பிள்ளை இப்போது அரசாங்கக் கொலேஜுக்குப் போகிறது. பக்கத்தில் இருப்பது ஒரு மாலிக்காரப் பிள்ளை. அவர்களுக்குள் சண்டையும் உண்டு, சிநேகிதமும் உண்டு. கணக்கில் இருவரும் மோசம். அதற்கு ஆசிரியரைக் கேட்க, வருகிற கூட்டத்துக்கு இரு வீட்டாரும் சேர்ந்தே போகவிருக்கிறோம்.