பாலம் கட்டியோர் எங்கே?

உடன்குடியில் என்னிடம் தமிழ் பயிலும் மாணவனொருவன் சென்ற கிழமை ஒரு வினாத் தொடுத்தான். "ஐயா, சயாமில் அந்தப் பாலத்தை வெள்ளைக்காரர்கள்தாமே கட்டினார்கள்? படத்தில் பார்த்தேன்" என்றான். அவன் கண்டது 'குவாய் ஆற்றுப் பாலம்'. 1957-இல் வெளிவந்து ஏழு ஆசுகர் விருதுகளை வாரிக்கொண்ட ஆங்கிலப் போர்ப்படம். பிள்ளைமேல் பிழையில்லை. உலகமே அப்படத்தைக் கண்டன்றோ அவ்வரலாற்றை அறிந்ததாக எண்ணிக்கொண்டிருக்கின்றது!

உண்மை யாது? இரண்டாம் உலகப் போரின்போது, 1942-43-இல், சயாமிலிருந்து பர்மாவுக்குச் சப்பானியர் 415 கிலோமீட்டர் இருப்புப்பாதை அமைத்தனர். அதில் வதைபட்ட நேயநாட்டுப் போர்ச்சிறையாளர் ஏறத்தாழ 60,000 பேர். மாண்டோர் 12,000-க்கு மேல். அவர் துயரை யாம் சிறிதும் குறைத்துரையோம். ஆனால், அதே பாதையில் மண்சுமந்த ஆசியத் தொழிலாளர் ஏறத்தாழ 2 இலக்கம் பேர்! மலேயாவிலிருந்து மட்டும் 70,000-க்கு மேற்பட்டோர்; அவருள் பெரும்பாலோர் தொய்வ மரத்தோட்டங்களில் பால்வெட்டிப் பிழைத்த தமிழர். நாட்கூலி தருவோம் என்று சிலரை ஏய்த்தனர். சிலரை வழிமறித்துப் பிடித்தனர். இலவயப் படக்காட்சி என்றழைத்து, கொட்டகை நிரம்பியதும் கதவடைத்து வண்டியேற்றிய கொடுமையும் பதிவாகியுள்ளது. படங்காட்டிப் பிடிக்கப்பட்டவனுக்குப் படத்தில் இடமில்லை!

படையில் மருத்துவர் இருந்தனர், ஒழுங்குமுறை இருந்தது. தோட்டத்துத் தமிழனுக்கு எதுவுமில்லை. 1943-இல் கக்கல் கழிச்சல் பரவியபோது கொட்டில் கொட்டிலாக மடிந்தனர். காஞ்சனபுரிப் போர்க் கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ 7,000 படைஞர்க்குத் தனித்தனிக் கல் உண்டு. எம்மவர் குழிகளுக்கு அடையாளமும் இல்லை.

'அது கற்பனைக் கதை. அலுவலர் ஒருவரின் தன்மானத்தைப் பற்றியது. அதில் கூலிகளைத் தேடுவானேன்?' என்பர் சிலர். மூலக்கதை எழுதிய பிரெஞ்சுக்காரர் பியேர் பூல், போருக்குமுன் மலேயாத் தொய்வத் தோட்டத்திலேயே பணியாற்றியவர். தமிழரைக் காணாதவர் அல்லர்! படம் பிடித்த இடமோ இலங்கையின் கித்துள்கலை. அட்டன் மலைத்தோட்டங்களுக்குச் செல்லும் சாலையில் உள்ள ஊர். 1948-இல் குடியுரிமையும் மறு ஆண்டே வாக்குரிமையும் பறிக்கப்பட்ட மலையகத் தமிழர் கொழுந்து கிள்ளிய மலைகளின் அடிவாரத்திலேயே, தமிழரில்லாத சயாமைப் படைத்தனர். இதனை எவ்வாறு தற்செயல் என்பது?

வேறொன்றும் கேளுங்கள். அப்படத்தின் திரைக்கதை எழுதிய இருவர், பொதுவுடைமையர் என்ற ஐயத்தால் ஒதுக்கப்பட்டிருந்தமையின், அவர்தம் பெயர் மறைக்கப்பட்டது. கால் நூற்றாண்டு கடந்தபின், 1984-இல், விருது அவர்க்கே உரியதென்று திருத்தினர். நன்று! இரண்டு பெயரை விட்டது பிழையென உணர்ந்தோர்க்கு இரண்டு இலக்கம் பேரை விட்டது உறைக்கவில்லை. 2019-இல் வந்த '1917' என்னும் படத்தில் ஒரேயொரு சீக்கியப் படைஞரைக் காட்டியதற்கே ஆங்கில நடிகர் ஒருவர் முகஞ்சுளித்துப் பின் மன்னிப்புக் கேட்டார். அப்போரில் கடல்கடந்து சென்ற இந்தியப் படையாளரோ 10 இலக்கத்துக்கு மேல்!

அயலானை மட்டும் நோவது அறமாகுமா? 2024-இல் தாய்லாந்துத் தமிழரின் முயற்சியாலும் தமிழ்நாட்டு அரசின் உதவியாலும் காஞ்சனபுரியில் நடுகல் எழுந்தது. நம் திரைத்துறையினரோ முடிமன்னரின் வாளுக்கும் தேருக்கும் கோடிகளைக் கொட்டுகின்றனர். மண்வெட்டி பிடித்துச் செத்த தமிழன் அவர்தம் கண்ணுக்குத் தலைவனாகத் தோன்றவில்லை. கதை இல்லை என்று சொல்லற்க. மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' என்னும் புதினத்தை எழுதியே வைத்துள்ளார். பெயரில் 'ரயில்' இருப்பது எமக்கு உவப்பன்று. ஆயினும் அதனைத்தான் அம்மாணவன் கையில் கொடுத்தேன். படித்துக்கொண்டிருக்கின்றான்.