தலைப்பெழுத்தும் முதல் வேலையும்

நுழையும் முன்

பெரிய நிறுவனங்களில் மனிதவளத் துறை என்றொரு பிரிவு உண்டு. பணியாளரைச் சேர்த்தல், அவர்தம் ஊதியம், விடுப்பு, சேமிப்பு, நலன் ஆகியவற்றைக் கவனித்தல் அதன் பொறுப்பு. அத்துறையில் பயிற்சிக்குச் சேரும் இளைஞர் முதலில் கற்க வேண்டியது எது? அதைப் பற்றிய கருத்தொன்றை இக்கட்டுரை முன்வைக்கிறது.

தமிழ்நாட்டுக்கு வெளியே படிக்கும் தமிழ்ப் பிள்ளைகள் பலருக்கும் நேர்ந்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. பள்ளியில் சேர்ந்த முதல் நாளில், வருகைப் பதிவேட்டை விரித்த ஆசிரியர், "உன் குடும்பப் பெயர் என்ன?" என்று கேட்பார். பிள்ளை விழிக்கும். தந்தை பெயரின் முதலெழுத்தைத் தன் பெயருக்கு முன்னால் தலைப்பெழுத்தாக இட்டுக்கொள்வது தமிழர் வழக்கம். குடும்பப் பெயர் என்று தனியாக ஒன்று பெரும்பாலோர்க்கு இல்லை. இறுதியில் தந்தையின் பெயரே குடும்பப் பெயராகப் பதிவாகும். சில நாள்களில் வகுப்புத் தோழர் அனைவரும் அப்பிள்ளையைத் தந்தையின் பெயரால் அழைக்கத் தொடங்குவர். வீட்டில் இதைச் சொன்னால் எல்லாரும் சிரிப்பர்.

பள்ளியில் சிரிப்பை விளைவிக்கும் இச்செய்தி, தொழிற்சாலை அலுவலகத்தில் துன்பத்தை விளைவிக்கக்கூடும். அங்கே ஓர் எழுத்து மாறினால் ஒருவருடைய சேமிப்போ ஓய்வூதியமோ தடைபடலாம். அவ்வெழுத்தைச் சரிபார்க்கும் வேலை பெரும்பாலும் மனிதவளத் துறைக்குப் புதிதாக வந்த பழகுநரிடம் ஒப்படைக்கப்படுகிறது. அதனைச் சிறிய வேலை என்று பழகுநரும் கருதலாகாது, நிறுவனமும் கருதலாகாது. அத்துறையின் முதற்பாடம் அதுவே.

பழகுநர் என்பவர் யார்?

தொழிலைச் செய்துகொண்டே கற்பவர் தொழிற்பழகுநர். இந்தியாவில் இவர்களுக்கென 1961ஆம் ஆண்டில் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. தொடக்கத்தில் ஃபிட்டர், டர்னர், எலக்ட்ரீசியன் முதலிய தொழில்களைப் பயில்வோரையே அது பெரிதும் கருத்திற்கொண்டது. 1973ஆம் ஆண்டுத் திருத்தத்தால் பொறியியல் பட்டதாரிகளும் பட்டயதாரர்களும் சேர்க்கப்பட்டனர். 2014ஆம் ஆண்டுத் திருத்தம் பொறியியல் அல்லாத பாடங்களைப் படித்தோர்க்கும் வழி திறந்தது. வணிகவியலோ உளவியலோ சமூகப்பணியோ படித்த ஒருவர் மனிதவளத் துறையில் பழகுநராகச் சேரும் வாய்ப்பு இதனால் விரிந்தது. 30 அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளரைக் கொண்ட நிறுவனங்கள் பழகுநர்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று 2019ஆம் ஆண்டில் விதிகள் திருத்தப்பட்டன. பட்டதாரிப் பழகுநர்க்குரிய குறைந்தபட்ச உதவித்தொகையை மாதம் 9,000 ரூபாய் என்றும் அத்திருத்தம் வரையறுத்தது.

சட்டத்தின் பார்வையில் பழகுநர் தொழிலாளர் அல்லர், பயிற்சி பெறுபவர். ஆகவே அவர் பெறுவது உதவித்தொகை எனப்படுகிறது, ஊதியம் எனப்படுவதில்லை. பயிற்சி அளிக்கும் கடமை நிறுவனத்துக்கு உண்டு. ஊன்றிக் கற்கும் கடமை பழகுநருக்கு உண்டு. இருவர்மீதும் சட்டம் பொறுப்பைச் சுமத்துகிறது என்பதை மறத்தல் கூடாது.

முதல் நாள் வேலை

புணே நகரை அடுத்த சாக்கன் பகுதியில் மோட்டார் வாகனத் தொழிற்சாலைகள் பல உள்ளன. அத்தகைய பெரிய ஆலை ஒன்றில், வணிகவியல் பட்டம் பெற்ற இளம்பெண் ஒருவர் மனிதவளப் பழகுநராகச் சேர்கிறார் என்று கொள்வோம். நேர்காணல் நடத்தலாம், தக்கவரைத் தேர்ந்தெடுக்கலாம், கூட்டங்களில் உரையாற்றலாம் என்றெல்லாம் அவர் எண்ணி வந்திருப்பார். முதல் நாளில் அவர் மேசைக்கு வந்து சேர்வதோ ஒரு கோப்புக் கட்டு. அவ்வாரம் பணியில் சேர்ந்த 60 பேருடைய ஆதார் அட்டை, பான் அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகம், கல்விச் சான்று ஆகியவற்றில் பெயரும் பிறந்த நாளும் ஒத்திருக்கின்றனவா என்று அவர் பார்க்க வேண்டும்; பார்த்தவற்றைக் கணினியில் ஏற்ற வேண்டும்; நகல் எடுக்க வேண்டும்; அடையாள அட்டைகளைக் கழுத்துப் பட்டையில் கோக்க வேண்டும். மாலையில் பேருந்துக்குக் காத்திருக்கும்போது, "இதற்காகவா பட்டம் படித்தோம்?" என்ற கேள்வி அவர் மனத்தில் எழுந்தால் வியப்பில்லை.

அக்கோப்புகளுள் ஒன்று தமிழ்ப் பெண்மணி ஒருவருடையது. ஆதார் அட்டையில் 'செல்வி எம்' என்றுள்ளது. பான் அட்டையில் 'செல்வி முருகன்' என்றுள்ளது. வங்கிப் புத்தகத்தில் 'எம். செல்வி', பள்ளிச் சான்றில் 'முருகன் செல்வி'. நான்கும் ஒருவரையே குறிக்கின்றன என்பது தமிழ்ப் பிள்ளைக்கு உடனே விளங்கும். கணினிக்கு அவை நான்கு வெவ்வேறு பெயர்கள். முருகன் என்பது அவர் தந்தையா கணவரா என்பதும் அதற்குத் தெரியாது.

இதனால் விளையும் துன்பம் என்ன? வருங்கால வைப்பு நிதிக்கெனத் தொழிலாளரின் ஊதியத்தில் பொதுவாக 12 விழுக்காடு பிடிக்கப்படுகிறது. நிறுவனமும் அதே அளவு தொகையைச் செலுத்துகிறது. அதில் ஒரு பகுதி ஓய்வூதியத் திட்டத்துக்குச் செல்கிறது. உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் 12 இலக்க எண் ஒன்று உண்டு. அவர் வேலை மாறினாலும் அவ்வெண் மாறுவதில்லை. ஆனால் நிதிப் பதிவில் உள்ள பெயரும் ஆதாரில் உள்ள பெயரும் பொருந்தாவிடில், பணம் கேட்டு அவர் அளிக்கும் விண்ணப்பம் திரும்பி வரலாம். திருத்தம் வேண்டி, முன்பு வேலைபார்த்த இடத்தின் உறுதிமொழியை நாட வேண்டியும் நேரலாம். அதற்குள் அவர் வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்திருப்பார்; அவரை வேலைக்கு வைத்த ஒப்பந்ததாரர் தொழிலையே கைவிட்டிருப்பார். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கோ தாயின் மருத்துவத்துக்கோ நம்பியிருந்த பணம், கணக்கில் இருந்தும் கைக்கு எட்டாமல் நிற்கும். சேர்ந்த நாளில் ஒருவர் ஐந்து நிமிடம் ஒதுக்கி, பெயரை எப்படி எழுத வேண்டும் என்று அப்பெண்மணியையே கேட்டிருந்தால் இந்நிலை வந்திராது.

இத்துறை தோன்றிய வரலாறு

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இந்தியப் பஞ்சாலைகள் பலவற்றில் ஆள் சேர்க்கும் அதிகாரம் மேஸ்திரிகளிடம் இருந்தது. வேலை பெறுவதற்கும், பெற்ற வேலையைக் காத்துக்கொள்வதற்கும் தொழிலாளர் அவர்களுக்குக் கையூட்டு அளிக்க நேர்ந்தது. குறைகளை முறையாக எடுத்துச் சொல்லவும் வழி இல்லை. 1918ஆம் ஆண்டில், பஞ்சாலைத் தொழிலாளரைத் திரட்டிச் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோற்றுவிக்கப்பட்டது. பி. பி. வாடியா தலைமையேற்ற அச்சங்கத்தில் திரு. வி. க.வும் பங்கேற்றுப் பணியாற்றினார். 1929ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட அரசத் தொழிலாளர் ஆணையம் 1931ஆம் ஆண்டில் தன் அறிக்கையை அளித்தது. ஆள் சேர்ப்பில் மேஸ்திரிகளின் ஆதிக்கத்தை ஒழிக்கத் தொழிலாளர் அலுவலர்களை அமர்த்த வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளுள் ஒன்று. விடுதலைக்குப் பின் வந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், 500 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள ஆலைகளில் நல அலுவலர் இருக்க வேண்டும் என விதித்தது. இன்றைய மனிதவளத் துறையினர்க்கு இவ்வலுவலர்கள் முன்னோடிகள்.

ஆலையின் வாயிலில் நிகழ்ந்த அநீதியை நீக்குவது இப்பணியின் தொடக்ககால நோக்கங்களுள் ஒன்று என்பதை இவ்வரலாறு காட்டுகிறது. வேண்டியவருக்கு ஒரு முறை, வேண்டாதவருக்கு ஒரு முறை என்றிருந்ததை மாற்றி, வருவோர் அனைவரையும் ஒரே முறையில் பதிவு செய்ய அலுவலர் தேவைப்பட்டனர். பெயரைப் பிழையின்றி எழுதும் பழகுநர் அந்நோக்கத்தையே தொடர்கிறார்.

மறுப்புகளும் விடைகளும்

கணினி வளர்ந்துவிட்ட காலத்தில் இத்தகைய வேலைக்கு மனிதர் எதற்கு என்று சிலர் வினவுவர். பெயர் பொருந்துகிறதா இல்லையா என்பதைக் கணினி நொடியில் சொல்லிவிடும். பொருந்தாததற்குக் காரணம் என்ன என்பதை அறிய வழக்கங்களை அறிந்தவர் வேண்டும். மராத்தியர் தம் பெயர், தந்தை பெயர், குடும்பப் பெயர் என்ற வரிசையில் எழுதுவர். தெலுங்கர் பலர் வீட்டுப் பெயரை முன்னால் வைப்பர். வட மாநிலங்களில் 'தேவி', 'குமாரி' என்று முடியும் பெயருடைய பெண்கள் பலர். அவை குடும்பப் பெயர்கள் அல்ல. திருமணத்துக்குப் பின் பெயரை மாற்றிக்கொண்டோரும் உண்டு. ஓர் ஆலையில் இவர்கள் எல்லாரும் அருகருகே நின்று வேலைபார்க்கின்றனர். இவ்வேறுபாடுகளை அறிந்து கேட்கத் தெரிந்தவரே நல்ல மனிதவள அலுவலர் ஆவார்.

பயிற்சி என்னும் பெயரால் நிறுவனங்கள் குறைந்த செலவில் வேலை வாங்குகின்றன என்பது மற்றொரு மறுப்பு. இதில் உண்மை உண்டு. ஓராண்டு முழுவதும் நகல் எடுக்கவும் கோப்பு அடுக்கவும் மட்டுமே பயன்படுத்தப்பட்ட பழகுநர் எதையும் கற்றவர் ஆகார். பழகுநரின் பயிற்சி முன்னேற்றத்தைப் பதிவு செய்து வைக்க வேண்டும் என்று சட்டமே கூறுகிறது. ஆகையால் ஒவ்வொரு வேலைக்கும் காரணத்தைச் சொல்லித் தருவது நிறுவனத்தின் கடமை. பெயரைச் சரிபார்க்கச் சொல்பவர், பெயர் மாறியதால் தடைபட்ட பழைய விண்ணப்பம் ஒன்றையும் காட்ட வேண்டும். ஊதியச் சீட்டைப் பிரித்துக் கொடுக்கச் சொல்பவர், அதில் உள்ள பிடித்தங்கள் ஒவ்வொன்றும் எங்கே போகின்றன என்பதையும் விளக்க வேண்டும். காரணம் தெரியாமல் செய்யும் வேலை வெறும் ஏவலாகவே நின்றுவிடும்.

அதனுடன், பழகுநரை முதல் மாதத்தில் சில நாள்களேனும் அலுவலக அறைக்கு வெளியே அனுப்ப வேண்டும். காலை ஷிப்டு தொடங்கும்போது வாயிலில் நின்று பார்த்தால், நிரந்தரத் தொழிலாளரும் ஒப்பந்தத் தொழிலாளரும் எவ்வாறு வேறுபடுத்தப்படுகின்றனர் என்பது விளங்கும். உணவுக்கூடத்தில் அமர்ந்து உண்டால், அலுவலகத்துக்கு எழுதப்படாத குறைகள் காதில் விழும். இயந்திரத்தின் அருகில் நின்றால், எட்டு மணி நேர உழைப்பு என்பது எத்தகையது என்று உடம்பு அறியும். இவற்றைக் கண்ட பிறகு கோப்பைத் திறப்பவருக்கு, அதில் உள்ள நிழற்படம் தெரிந்த முகமாக இருக்கும்.

மனிதவளத் துறையினர் நிர்வாகத்தின் ஆட்களே. அவர்களிடம் தொழிலாளர் எதை எதிர்பார்க்க முடியும் என்று கேட்போரும் உளர். அவர்களுக்கு ஊதியம் தருவது நிறுவனம் என்பது உண்மையே. ஆயினும் சட்டம் தொழிலாளர்க்கு உறுதி செய்தவை உள. அவற்றைக் குறையாமல் கிடைக்கச் செய்வது நிறுவனத்துக்கும் நன்மை பயக்கும். தம் கணக்கு பிழையின்றி இருக்கிறது என்று நம்பும் தொழிலாளர், நிறுவனத்தையும் நம்புவார். அந்த நம்பிக்கை பெரிய விழாக்களாலும் சுவரொட்டிகளாலும் உண்டாவதில்லை. மாதந்தோறும் சரியாக வரும் ஊதியச் சீட்டினால் உண்டாவது.

தமிழ்ப் பிள்ளைகளுக்குள்ள தகுதி

வேற்று மாநிலத்தில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இத்துறைக்கேற்ற தகுதி ஒன்று இயல்பாகவே வாய்த்திருக்கிறது. வீட்டில் ஒரு மொழி, தெருவில் ஒரு மொழி, வகுப்பில் வேறொரு மொழி எனப் பழகியவர்கள் அவர்கள். தம் பெயர் தவறாக அழைக்கப்படும்போது உண்டாகும் சிறு வருத்தத்தையும் அறிந்தவர்கள். வங்கிக்கோ அலுவலகத்துக்கோ பெற்றோருடன் சென்று, தலைப்பெழுத்து என்றால் என்ன என்று இந்தியிலோ மராத்தியிலோ விளக்கிய பிள்ளைகளும் அவர்களுள் உண்டு. அந்த அனுபவத்தை அவர்கள் மறவாதிருந்தால், நாளை மேசையின் மறுபுறத்தில் அமரும்போது, எதிரில் நிற்பவரை அவசரப்படுத்தமாட்டார்கள்.

சாக்கன் ஆலையின் பழகுநர் இரண்டாம் நாள் செய்ய வேண்டியது எளியது. நான்கு தாள்களையும் எடுத்துக்கொண்டு, உணவு இடைவேளையில் அப்பெண்மணியைத் தேடிச் செல்ல வேண்டும். எது தம் பெயர், எது தந்தையின் பெயர், எல்லாத் தாள்களிலும் எவ்வாறு இருப்பதை அவர் விரும்புகிறார் என்று கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். எந்த அட்டையை எங்கே திருத்துவது என்றும் சொல்லி அனுப்ப வேண்டும். மீதமுள்ள 59 கோப்புகள் அதுவரை காத்திருக்கலாம்.

பயிற்சி

1. பெயர்ப் பதிவில் நேரும் பிழை தொழிலாளரை எவ்வாறு பாதிக்கிறது? ஐந்து வரிகளில் எழுதுக.

2. பழகுநர்க்கும் தொழிலாளர்க்கும் சட்டம் காட்டும் வேறுபாடு யாது?

3. "கணினி இருக்க மனிதர் எதற்கு?" என்னும் வினாவுக்குக் கட்டுரை தரும் விடையை ஏற்கிறாயா? காரணத்துடன் எழுதுக.

4. உன் வகுப்பில் உள்ள வெவ்வேறு மாநிலத் தோழர் மூவரிடம், அவர்தம் பெயர் அமையும் முறையைக் கேட்டறிந்து தமிழில் ஒரு பத்தி எழுதுக.