பதினாறாம் பிரிவை முதலில் நீக்குங்கள்

யாழ்ப்பாணத்தில் வழக்காடும் சட்டத்தரணி நான். பயங்கரவாதத் தடைச் சட்ட வழக்கொன்று கைக்கு வந்தால், கோவையில் முதலில் தேடுவது ஒப்புதல் வாக்குமூலத்தைத்தான். தட்டச்சு செய்த சிங்களப் பக்கங்கள். ஒவ்வொன்றின் அடியிலும் தமிழில் ஒரு கையெழுத்து, இல்லாவிட்டால் மை பரவிய கைநாட்டு. "சேர், இதில என்ன எழுதியிருக்கு?" என்று கையெழுத்து வைத்தவரே கேட்பார். வாசித்துச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியாது.

ஜே.ஆர். ஜெயவர்தன அரசு 1979இல் மூன்று ஆண்டுகளுக்கென்று கொண்டுவந்த சட்டம் இது. 1982இல் அந்தக் கால எல்லையைத் தூக்கிவிட்டார்கள். 'தற்காலிக ஏற்பாடுகள்' என்ற பெயர் மட்டும் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கொலை வழக்கில்கூடப் பொலிஸாரிடம் கொடுத்த ஒப்புதல் சாட்சியமாகாது. வெள்ளைக்காரர் 1895இல் இயற்றிய சாட்சியக் கட்டளைச் சட்டமே அதற்கு இடம் கொடுக்கவில்லை. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 16ஆம் பிரிவோ, உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் கொடுத்தால் செல்லும் என்கிறது. அடித்து வாங்கினார்கள் என்றால், அதை நிரூபிக்க வேண்டியதும் அடிபட்டவர்தான். அந்த அறையில் நின்ற யாரைச் சாட்சிக்குக் கூப்பிடுவது? தடுப்புக்காவல் முன்பு 18 மாதம் வரை நீளும். 2022 திருத்தத்துக்குப் பிறகு 12 மாதம். சட்ட வைத்திய அதிகாரி முன் நிற்கும்போது தழும்புகூட ஆறிப் போயிருக்கும்.

சிங்கராசா வழக்கைப் பாருங்கள். சிங்களம் தெரியாத மனிதர். கைநாட்டு வைத்த சிங்கள வாக்குமூலம் ஒன்றை வைத்தே 1995இல் 50 ஆண்டுச் சிறை விதித்தார்கள். மேன்முறையீட்டில் அது 35 ஆனது. அவருக்கு நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்று ஐ.நா. மனித உரிமைக் குழு 2004இல் சொன்னது. 2006இல் எங்கள் உயர் நீதிமன்றம் அவரது மனுவைத் தள்ளுபடி செய்தது.

தீர்ப்பு வரை போகாத வழக்குகளும் உண்டு. விளக்கமறியலில் வருடக்கணக்காகக் கிடந்தவர், குற்றத்தை ஒப்புக்கொண்டால் புனர்வாழ்வோடு வீட்டுக்குப் போகலாம் என்றால் ஒப்புக்கொள்ளத்தான் செய்வார். அம்மாவுக்கு வயது போய்விட்டது என்பார்.

நாட்டின் பாதுகாப்புக்கு இது வேண்டும் என்பவர்களுக்கு 2019 உயிர்த்த ஞாயிறை நினைவூட்டுகிறேன். இச்சட்டம் வந்து 40 ஆண்டுகள் ஆகியிருந்தன. தாக்குதல் பற்றி முன்கூட்டியே உளவுத் தகவலும் வந்திருந்தது. இருந்தும் 250க்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். கடமை தவறியதற்காக அன்றைய ஜனாதிபதியையும் அதிகாரிகளையும் 2023இல் உயர் நீதிமன்றம் நட்டஈடு கட்டச் சொன்னது. குறை எங்கே இருந்தது என்று அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது.

சட்டத்தை நீக்குவோம் என்று சொல்லித்தான் 2024இல் தேசிய மக்கள் சக்தி ஆட்சிக்கு வந்தது. அடுத்த ஆண்டே, இஸ்ரேலுக்கு எதிராக ஸ்டிக்கர் ஒட்டிய 22 வயதுப் பொடியனை இதே சட்டத்தில் பிடித்தார்கள். எனக்கு அது பெரிய ஏமாற்றம். பதிலுக்கு என்ன பெயரில் சட்டம் வந்தாலும், பொலிஸ் வாக்குமூலத்துக்கு அதில் இடம் இருக்கக் கூடாது. அதுவரை காத்திருக்கவும் தேவையில்லை. வாக்குமூலத்தைத் தவிர வேறு சாட்சியமில்லாத வழக்குகளைச் சட்டமா அதிபர் இன்றே மீளப் பெறலாம். அதற்குப் பாராளுமன்றம் கூட வேண்டியதில்லை.