முகவரி இல்லாதோருக்கும் நூலகக் கதவு திறக்க வேண்டும்

அரச சேவைகள் ஒன்றன்பின் ஒன்றாக இணையத்துக்கு மாறி வருகின்றன. பரீட்சைப் பெறுபேறு, பல்கலைக்கழக அனுமதிக்கான விண்ணப்பம், கடவுச்சீட்டு என்று எதை எடுத்துக்கொண்டாலும் முதற்படி கணினித் திரையிலேயே தொடங்குகின்றது. அரச நிறுவனங்களுக்கான கட்டணங்களை இணையவழியாகச் செலுத்தும் 'கவ்பே' முறை 2025 பெப்ரவரியில் ஆரம்பித்து வைக்கப்பட்டது. இம்மாற்றத்தை நாம் வரவேற்கின்றோம். நீண்ட வரிசைகளும் இடைத்தரகர்களும் குறைவது எளிய மக்களுக்கே பெரும் ஆறுதல். ஆனால், இணையம் கைக்கெட்டாத மக்களுக்கு இம்மாற்றம் திறந்த கதவா, அல்லது அடைக்கப்பட்ட இன்னொரு கதவா என்ற கேள்வியை எழுப்பாமல் இருக்க முடியாது. ஊவா மாகாணத்திலிருந்து நோக்குகையில் இக்கேள்வி மேலும் கூர்மை பெறுகின்றது.

உலகின் பல நாடுகளில் இக்கேள்விக்கு விடையாக இருப்பது பொது நூலகம். வீட்டில் கணினி இல்லாதவரும், வீடே இல்லாதவரும் அங்கு சென்று கட்டணமின்றி இணையத்தைப் பயன்படுத்தலாம், வேலைக்கு விண்ணப்பிக்கலாம், பிரிந்த உறவினருக்கு மின்னஞ்சல் அனுப்பலாம். வீதியில் உறங்கும் மனிதன் ஒருவன் எவருடைய தயவையும் நாடாது நாற்காலியில் அமரக்கூடிய கடைசி இடமாக நூலகம் திகழ்கின்றது. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ பொது நூலகம், வீடற்ற வாசகர்களுக்கு உதவுவதற்கென்றே 2009இல் முழுநேர சமூக சேவையாளர் ஒருவரைப் பணியில் அமர்த்தியது. நூலகச் சங்கங்களின் சர்வதேச சம்மேளனமோ வீடற்றோருக்கான நூலகச் சேவை பற்றிய வழிகாட்டியொன்றை 2017இல் வெளியிட்டது.

எமது நாட்டில் நிலைமை வேறு. பொது நூலகங்கள் மாநகர சபை, நகர சபை, பிரதேச சபை ஆகிய உள்ளூராட்சி மன்றங்களால் நடத்தப்படுகின்றன. அவற்றுட் பலவற்றில் உறுப்பினராவதற்கு, அச்சபையின் எல்லைக்குள் சோலைவரி செலுத்தும் ஒருவரது பிணை கோரப்படுவது நெடுங்கால வழக்கம். எல்லைக்கு வெளியே வசிப்பவராயின் பணம் வைப்பிலிட வேண்டும். மேலோட்டமாகப் பார்த்தால் இது நியாயமான ஏற்பாடே. நூல் தொலைந்தால் யாரிடம் கேட்பது என்ற கவலை எந்த நூலகருக்கும் இருக்கும். எனினும் இந்த விதி யாரை உள்ளே விடுகின்றது, யாரை வாசலில் நிறுத்துகின்றது என்பதைக் கவனிக்க வேண்டும்.

சோலைவரி என்பது வீடும் நிலமும் உடையவர் செலுத்துவது. பெருந்தோட்டத்து லயன் அறையில் வாழும் தொழிலாளியின் பெயரில் வீடும் இல்லை, நிலமும் இல்லை. அவர் பாட்டனும் தந்தையும் அதே அறையில் பிறந்து வாழ்ந்திருக்கலாம். ஆயினும் அது தோட்டத்துக்குரிய கட்டடமே. அவரது அயலவரும் அதே நிலையில் இருப்பதால் பிணை நிற்க ஆளைத் தேடி நகரத்துக்குச் செல்ல வேண்டும். பதுளை, பண்டாரவளை போன்ற நகரங்களில் வாடகைக்குக் குடியிருக்கும் தமிழ், முஸ்லிம் குடும்பங்களுக்கும் ஏறத்தாழ இதே சங்கடமே. வரிப்பத்திரம் வீட்டு உரிமையாளரின் பெயரில் இருக்கும். கடைகளில் வேலை செய்து அங்கேயே படுத்துறங்கும் தோட்டத்து இளைஞர்களையும், பஸ் நிலையத்திலும் கடை வாசல்களிலும் இரவைக் கழிப்போரையும் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

வீடற்றவர் என்றதும் நகரத்து நடைபாதையில் கிடக்கும் ஒருவரே எம் மனக்கண்ணில் தோன்றுகின்றார். ஊவாவில் அச்சொல்லின் பொருள் இன்னும் விரிவானது. இங்கு தலைக்கு மேல் கூரை இருந்தும் முகவரி இல்லாத மக்கள் ஒரு பெருந்தொகையினர். 2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி பதுளை மாவட்ட மக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினர் தமிழர்; அவர்களுட் பெரும்பாலானோர் தோட்டங்களைச் சார்ந்தவர்கள். லயன் அறைகளுக்குத் தனித்தனி முகவரி இல்லாமையால், கடிதங்கள் தோட்டக் காரியாலயத்துக்கு வந்து, அங்கிருந்து கைமாறி, தாமதமாகவே உரியவரைச் சேர்வது மலையகத்தின் பழைய முறைப்பாடு. நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பு, பரீட்சை முடிந்த பின்னர் கைக்குக் கிடைத்த கதைகள் மலையகத்துக்குப் புதியவை அல்ல.

தோட்டத்து மக்களை உள்ளூராட்சியின் எல்லைக்கு வெளியே நிறுத்தியது வழக்கம் மட்டுமன்று. சட்டமும் அவ்வாறே செய்தது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபை நிதியைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிடுவதற்குத் தடையாக இருந்தது. அம்மக்கள் வாக்களித்துத் தெரிவு செய்த சபை அம்மக்களுக்கே பாதை போடவோ வாசிகசாலை கட்டவோ முடியாதிருந்தது. 2018இலேயே இச்சட்டம் திருத்தப்பட்டது. முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட இந்த இடைவெளியில், தோட்டத்துப் பிள்ளைகளின் இரு தலைமுறைகள் நூலகம் என்ற ஒன்றை அருகில் காணாமலே வளர்ந்து ஆளாகிவிட்டன.

இருக்கின்ற கூரையும் நிலையானதன்று. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயன்களை மூடியது. உயிர் தப்பியோர் புதிய வீடுகளுக்குச் செல்ல ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் காத்திருந்தனர். 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலையில் மண்சரிவு ஏற்பட்டபோதும், குடியிருப்புகளை இழந்த குடும்பங்கள் இயங்காத தேயிலைத் தொழிற்சாலையொன்றில் நீண்டகாலம் தங்க நேர்ந்தது. 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயல், நாடு முழுவதும் அறுநூறுக்கு மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்டது. மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் பதுளையும் ஒன்று. பாடசாலைகளும் கோவில்களும் பள்ளிவாசல்களும் விகாரைகளும் ஒரே இரவில் வீடுகளாகின. இத்தகைய வேளையில் மண்ணுக்குள் புதையுண்டு போவது அடுப்பும் பாயும் மட்டுமல்ல. அடையாள அட்டையும் பிறப்புச் சான்றிதழும் பிள்ளையின் பரீட்சைச் சான்றிதழும் சேர்ந்தே போகின்றன. அவற்றை மீளப் பெறும் வழியும் இன்று பெருமளவுக்கு இணையத்திலேயே தொடங்குகின்றது.

'கையில் தொலைபேசி இருக்கின்றதே, பின் எதற்கு நூலகத்தில் இணையம்?' என்று சிலர் கேட்கக்கூடும். கொவிட் காலம் இதற்குப் பதில் சொல்லியிருக்கின்றது. பாடசாலைகள் மூடப்பட்டிருந்த 2021இல், பதுளை மாவட்டத்தின் லுணுகலைப் பகுதியில் பிள்ளைகள் இணையவழிப் பாடத்துக்கான சமிக்ஞையைத் தேடி, மலையுச்சியில் மரத்தின் மேல் அமைக்கப்பட்ட குடிலுக்கு ஏறியதை வெளிநாட்டுச் செய்தி நிறுவனங்களும் படம் பிடித்து உலகுக்குக் காட்டின. சமிக்ஞை கிடைக்கும் இடங்களிலும் டேட்டாவுக்குச் செலவிட நாட்சம்பளத்தில் மிச்சம் வேண்டும். கைத்தொலைபேசியின் சிறு திரையில் பல பக்க விண்ணப்பத்தை நிரப்புவதும், ஆவணங்களை ஸ்கேன் செய்து இணைப்பதும், அச்சுப்பிரதி எடுப்பதும் எளிதான காரியமல்ல.

இதனால் என்ன நடக்கின்றது? மக்கள் நகரத்துத் தொடர்பாடல் நிலையங்களை நாடுகின்றனர். அங்கு முன்பின் அறியாத ஒருவரிடம் அடையாள அட்டை இலக்கத்தையும் வங்கிக் கணக்கு விபரத்தையும் சொல்லி, அவரே திறந்து தரும் மின்னஞ்சலையும் கடவுச்சொல்லையும் நம்பி, அதற்குக் கூலியும் கொடுத்துவிட்டுத் திரும்புகின்றனர். அந்தக் கடவுச்சொல் என்னவென்று பின்னர் அவர்களுக்கே தெரியாது. கடைக்காரர்களை நாம் குறை கூறவில்லை. அவர்களுட் பலர் நல்லெண்ணத்துடனேயே உதவுகின்றனர். ஆனால் ஒரு குடிமகன் தனது அரசாங்கத்துடன் பேசுவதற்குக் கூலி கொடுத்து அந்நியரின் கையை நாட வேண்டியிருப்பது ஆரோக்கியமான நிலையன்று. 2023 ஜூலை முதல் வழங்கப்பட்டு வரும் அஸ்வெசும கொடுப்பனவுக்கான தெரிவில் தோட்டத்து மக்கள் பலர் விடுபட்டதாக எழுந்த குரல்களை நாம் மறந்துவிடலாகாது. தகவல் எட்டாத இடத்தில் உரிமையும் எட்டாது.

இவ்விடயத்தில் இலங்கைக்கு நல்ல முன்னனுபவம் ஒன்று உண்டு. இலங்கைத் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவரகம் இருபது ஆண்டுகளுக்கு முன்னர் ஆரம்பித்த 'நெனசல' நிலையங்கள், கிராமங்களுக்குக் கணினியையும் இணையத்தையும் கொண்டு சென்றன. நூலகங்களிலும் வணக்கத்தலங்களிலும் அவை அமைக்கப்பட்டன. இத்திட்டத்தைப் பாராட்டி, பில் அன்ட் மெலிண்டா கேட்ஸ் மன்றம் 2014இல் பத்து இலட்சம் அமெரிக்க டொலர் விருதை வழங்கியது. பொது நூலகங்கள் வழியாக இலவச இணைய வசதி அளிப்போருக்கென உலகளாவிய ரீதியில் வழங்கப்பட்ட விருது அது. ஆனால் இத்தகைய நிலையங்களுட் பல காலப்போக்கில் செயலிழந்தன. பழுதடைந்த கணினியைத் திருத்தவும் மாதக் கட்டணத்தைச் செலுத்தவும் நிரந்தர ஏற்பாடு இல்லாவிடின், திறப்புவிழாவின் நாடா காய்வதற்குள் திட்டமும் காய்ந்துவிடும். உலகம் பாராட்டிய ஒன்றை நாம் பராமரிக்கத் தவறினோம் என்பதே இதிலிருந்து கற்க வேண்டிய பாடம்.

எமது யோசனை எளியது. நூலை வீட்டுக்கு எடுத்துச் செல்வதையும், நூலகத்துக்குள் அமர்ந்து பயன்படுத்துவதையும் பிரித்து நோக்க வேண்டும். முன்னையதற்கு ஒரு பிணை தேவைப்படலாம். அதற்கும் சோலைவரி செலுத்துவோரை மட்டும் ஏற்காமல், கிராம உத்தியோகத்தர், பாடசாலை அதிபர், சமயத் தலைவர் ஆகியோரது கடிதத்தை ஏற்கலாம். பின்னையதற்கு எவ்விதப் பிணையும் தேவையில்லை. 2010இல் சென்னையில் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தில், உறுப்பினராகாத எவரும் உள்ளே சென்று நாள் முழுவதும் படிக்கலாம். இணையக் கணினியின் முன் அமர்வதற்கும் இவ்விதியே பொருந்தும். அடையாள அட்டையை மண்சரிவில் இழந்த ஒருவரிடம், இணையத்தைப் பயன்படுத்த அடையாள அட்டையைக் காட்டு என்பது, நீரில் மூழ்குபவரிடம் நீந்தத் தெரிந்ததற்குச் சான்று கேட்பதற்கு ஒப்பாகும்.

வீடற்றோர் வந்து அமர்ந்தால் ஏனைய வாசகர்களுக்கு இடையூறாகாதா என்ற அச்சத்தையும் நாம் புறந்தள்ளவில்லை. அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்து மொரிஸ்டவுன் நூலகத்துக்கும் வீடற்ற வாசகர் ஒருவருக்கும் இடையிலான வழக்கில், 1992இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் இரண்டு விடயங்களைத் தெளிவுபடுத்தியது. தகவலைப் பெறுவதற்காக நூலகத்தைப் பயன்படுத்தும் உரிமை அனைவருக்கும் உண்டு. அதேவேளை அமைதியையும் பயன்பாட்டையும் காக்கும் நியாயமான நடத்தை விதிகளை நூலகம் வகுக்கலாம். அதாவது, ஒருவர் எப்படி நடந்துகொள்கின்றார் என்பதைக் கேட்கலாம். எங்கு உறங்குகின்றார் என்பதைக் கேட்கலாகாது. வீடின்றி அலைவதையே குற்றமாகக் கருதிய 1841ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டத்தை எமக்குத் தந்துவிட்டுச் சென்ற காலனித்துவ மனப்பாங்கு, நூலக வாசலிலாவது விடைபெற வேண்டும்.

மொழியும் இங்கு முக்கியமானது. தமிழில் தட்டச்சு செய்ய முடியாத கணினியும், தமிழில் விளக்கம் தர ஆளில்லாத மேசையும் தோட்டத்து மக்களுக்குப் பாதி மூடிய கதவே. ஊவாவின் நூலகங்களில் தமிழ் தெரிந்த ஒருவரேனும் கடமையில் இருப்பதும், தொழிலாளருக்கு ஓய்வு கிடைக்கும் ஞாயிறு தினங்களில் நூலகம் திறந்திருப்பதும் ஆடம்பரமல்ல. நகரத்துக்கு வர ஒரு நாட்சம்பளத்தை இழக்க வேண்டியவர்களுக்காக, 2018ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்தைப் பயன்படுத்தி, பசறை, ஹாலி-எல, ஹல்துமுல்லை போன்ற பிரதேசங்களின் தோட்டங்களில் சிறு வாசிகசாலைகளை இணைய வசதியுடன் அமைக்கப் பிரதேச சபைகள் முன்வர வேண்டும்.

அரசை மட்டும் சுட்டிக்காட்டிவிட்டு எமது சமூகங்கள் ஒதுங்கி நிற்பதும் பொருந்தாது. வாசிக்குமாறு பணித்த கட்டளையோடு இறைச்செய்தி தொடங்கிய மார்க்கத்தைப் பின்பற்றுவோர் முஸ்லிம்கள். ஸகாத் பெறுவதற்கு உரித்துடைய எட்டு வகையினருள் வழிப்போக்கரும் ஒருவர். அன்னச்சத்திரமும் திண்ணைப் பள்ளியும் தமிழர் மரபில் வந்தவை. வழிப்போக்கருக்கு உணவும் இடமும் அளித்தல் அறம் எனக் கொண்ட இவ்விரு சமூகத்தாரும், இன்றைய வழிப்போக்கருக்குத் தேவைப்படும் கணினியையும் வழிகாட்டும் கையையும் அறமாகக் கருதலாகாதா? பதுளையின் வர்த்தகர் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் நூலகமொன்றுக்கு இரண்டு கணினிகளையும் அவற்றின் ஓராண்டுப் பராமரிப்பையும் பொறுப்பேற்பது இயலாத காரியமல்ல. கணினி தெரிந்த உயர்தர மாணவர் வாரத்தில் ஒரு நாள் முதியோருக்கு விண்ணப்பம் நிரப்ப உதவலாம்.

2025 ஒக்டோபர் 12ஆம் திகதி பண்டாரவளையில், இந்திய உதவியுடனான மலையக வீடமைப்புத் திட்டத்தின் கீழ் 2,000க்கு மேற்பட்ட பயனாளிகளுக்கு வீட்டுரிமை தொடர்பான ஆவணங்கள் வழங்கப்பட்டன. ஒவ்வொரு குடும்பத்துக்கும் சொந்த நிலமும் வீடும் முகவரியும் கிடைப்பதே இறுதித் தீர்வு. அதற்கான போராட்டம் தொடர வேண்டும். ஆனால் அந்நாள் வரும்வரை பிள்ளைகளின் பரீட்சைகள் காத்திருக்கப் போவதில்லை. விண்ணப்ப முடிவுத் திகதிகளும் காத்திருக்கப் போவதில்லை. வீடு கட்ட ஆண்டுகள் செல்லும். நூலக விதியொன்றைத் திருத்த ஒரு சபைக் கூட்டம் போதும்.

2023 மார்ச் முதல் மக்கள் பிரதிநிதிகள் இன்றிச் செயலாளர்களால் நிர்வகிக்கப்பட்ட உள்ளூராட்சி மன்றங்களுக்கு, 2025 மே 6ஆம் திகதி நடைபெற்ற தேர்தலில் உறுப்பினர்கள் தெரிவாகினர். தோட்டங்களின் வாக்குகளும் நகரத்து முஸ்லிம் மக்களின் வாக்குகளும் அவர்களை அச்சபைகளுக்கு அனுப்பியுள்ளன. பதுளை, பண்டாரவளை மாநகர சபைகளும் ஏனைய சபைகளும் தத்தமது நூலகத்தின் உறுப்புரிமை விதிகளை எடுத்துப் பார்த்து, பிணை கோரும் வரிகளால் வெளியே நிற்போர் யார் என்பதை ஆராய்ந்து, அவ்வரிகளைத் திருத்த முன்வர வேண்டும் என்பதே எமது வேண்டுகோளாகும்.