அரிசி மூட்டையும் எவரெஸ்ட்டும்

வானொலியில் பேசிப் பழகிய மூச்சு மேடு ஏறப் போதாது. மலையேற்றப் பயிற்சிக்குப் போவதற்காக, காஹாங் செம்பனைத் தோட்டத்து மேட்டில் பத்து கிலோ அரிசியை முதுகில் சுமந்து ஏறி இறங்குகிறேன்.

"பனியே இல்லாத ஊர்ல இது எதுக்கு?" என்றார் அம்மா. 1997 மே 23 அன்று எவரெஸ்ட் உச்சியைத் தொட்ட முதல் மலேசியர்களான எம். மகேந்திரனும் என். மோகனதாசும் இந்த வெயில் நாட்டுக்காரர்கள்தாமே!

டார்ஜிலிங்கில் 1954-இல் தொடங்கப்பட்ட இமயமலை மலையேற்றக் கழகத்தில் அடிப்படைப் பயிற்சியே ஏறக்குறைய நான்கு வாரம். கயிற்று முடிச்சு, பாறை ஏற்றம், பனியில் சறுக்கினால் கோடரியைக் குத்தி நிற்பது எல்லாம் அங்கே கற்றுத் தருவார்கள். கால் பலம் மட்டும் நாம் கொண்டுபோக வேண்டும்.

"முடியலேன்னா?"

"திரும்பி வந்துடுவேன்மா."

உங்கள் பிள்ளை மலையேறக் கிளம்பினால், எப்போது உச்சிக்குப் போவாய் என்று கேட்காதீர்கள். எந்த நிலையில் திரும்புவாய் என்று கேளுங்கள்.