புளிப்புக்கும் சாதி உண்டோ?

பெல்ஜியத்தின் வலோனியாவில், பண்ணை வேலையாட்களின் தாகத்துக்கெனக் காய்ச்சப்பட்ட பியர்தான் 'செசோன்'. நுரை, கலங்கல், மெல்லிய புளிப்பு, ஈஸ்ற் வாசம். பியர் எழுத்தாளர் மைக்கேல் ஜாக்சன் (பாடகர் இல்லை) போன்றவர்கள் அதைக் குடித்துப் பார்த்து எழுதினார்கள். 2016இல் பெல்ஜியத்தின் பியர்ப் பண்பாடு யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறியது. நல்ல விசயம்.

எங்கட பனங்கள்ளிலும் நுரை, கலங்கல், புளிப்பு எல்லாம் இருக்கு. அதுவும் உழைக்கிற சனத்தின்ர தாகம் தீர்த்ததுதான். ஆனால் அங்கே 'குணம்' எனப்படுவது இங்கே 'நாத்தம்' ஆகிறது. வித்தியாசம் நாக்கில் இல்லை. மரத்தில் ஏறுகிறவர் ஆர் எண்டு பார்க்கிற கண்ணில் இருக்கிறது.

குடியுங்கோ எண்டு நாங்கள் சொல்லவில்லை. குடியால் அழிந்த வீடுகளை நாங்களும் அறிவோம். ஆனால் அந்தக் கவலை கலியாணவீட்டு விஸ்கிப் போத்தலைக் கண்டதும் எங்கே போகிறது?

கள்ளையும் முறையாக மதிப்பிடலாம். இறக்கின கையோடு இனிக்கும், நேரம் போகப் போகப் புளிப்பு ஏறும், மிஞ்சினால் வினாகிரிதான். முட்டிக்குள் சுண்ணாம்பு பூசினால் புளிக்காது, அது கருப்பநீர். எந்த மரம்? எப்ப இறக்கினது? முட்டி கழுவினதோ? தண்ணி கலந்ததோ? இப்படிக் கேட்பதுதான் விமர்சனம்.

இதற்கெல்லாம் பதில் தெரிந்தவர் சீவல் தொழிலாளி. அவரிடம் ஒரு வார்த்தை கேளாமல் முகத்தைச் சுளிப்பதற்குப் பெயர் ரசனை இல்லை, தீண்டாமை. பெல்ஜியக்காரனின் பண்ணையைப் பெயர் சொல்லிப் புகழத் தெரிந்த நாங்கள், எங்கட ஊரில் பாளை சீவுகிறவரையும் பெயர் சொல்லி, மரியாதையோடு எழுதுவம்.