கண்டக்டருக்குக் காசு பாஸ் பண்ணும் பிளாஸ்டிக்!

லாரி நிறைய வாழைப்பழம் போனா, துறைமுகத்துல கதிர்வீச்சு அலாரம் அலறக்கூடும், தெரியுமா? அணுகுண்டு கடத்தல் இல்லீங்க... பழத்தில் இருக்கும் பொட்டாசியம்-40 விடும் காமா கதிர்தான் வில்லன். கிரானைட் போனாலும் இதே கூத்து.

நிஜமான புளூட்டோனியம் என்றால் காமாவோடு நியூட்ரானும் வரும். ஆனால், நியூட்ரானுக்கு மின்னூட்டம் கிடையாது; கருவிகளுக்கு நடுவே கமுக்கமாகப் போய்விடும். ரொம்ப நாளாக அதைப் பிடிக்கக் கைகொடுத்தது ஹீலியம்-3 வாயு. அணுகுண்டுகளுக்காகத் தயாரித்த ட்ரிட்டியம் சிதைந்தால் கிடைக்கும் உபரி அது. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்கா எல்லையெங்கும் கருவிகளை நிறுத்த, 2008 வாக்கில் கடும் தட்டுப்பாடு. (குண்டு குறைந்தால், குண்டு தேடும் வாயுவும் குறையும். என்ன லாஜிக்கோ!)

மாற்று வழி, சின்டிலேட்டர். கதிர் பட்டால் மினுக்கும் பொருள். பிளாஸ்டிக்கில் ஹைட்ரஜன் நிறைய இருக்கே... நியூட்ரான் வந்து மோதினால், ஒரே சைஸ் கோலிகுண்டு மாதிரி புரோட்டான் தெறித்து ஓடும். போகிற வழியெல்லாம் ஒளி. சிக்கல் என்னன்னா, காமா பட்டாலும் ஒளி வரும். வித்தியாசம் வாலில்தான் இருக்கு. புரோட்டான் கிளப்பும் மினுக்கல், சில நூறு நானோ செகண்டுக்கு இழுத்துக்கொண்டு அணையும். காமாவுக்கு அந்த வால் குட்டை.

திரவத்திலும் ஸ்டில்பீன் படிகத்திலும் இந்த வால் தெரிந்தது. விலை மலிவான பிளாஸ்டிக்கில் மட்டும் சரியாகத் தெரியலை. 'பிளாஸ்டிக்னா அப்படித்தான்' என்று பல வருஷம் விட்டேவிட்டார்கள்.

கலிபோர்னியாவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வுக்கூடத்தில் நடாலியா ஸைட்சேவா குழு விடவில்லை. 2012-ல் அவர்கள் வெளியிட்ட வித்தை ரொம்ப சிம்பிள்: பிளாஸ்டிக்கில் வழக்கமாக ஓரிரு சதவீதம் போடும் பி.பி.ஓ. என்ற சாயத்தை 30 சதவீதம் வரை ஏற்றினார்கள். டவுன் பஸ்ஸில் கூட்டமிருந்தால் டிக்கெட் காசு கைமாறிக் கைமாறி கண்டக்டரிடம் போய்விடுமே, அதே கதை! சாய மூலக்கூறுகள் நெருக்கி நின்றால் ஆற்றல் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவும். இரண்டு ஆற்றல்கள் சந்திக்கும் இடத்தில் தாமதமாக ஒளி பிறக்கும். அதுதான் வால்.

ஆனா, சாயம் ஓவரானால் பிளாஸ்டிக் கொழகொழ. நாளாக ஆக சாயம் மேலே பூத்துக்கொண்டு வரவும் செய்யும். மெதுவான நியூட்ரானையும் பிடிக்க லித்தியம்-6 கலக்கலாமென்றால், அந்த உப்பு பிளாஸ்டிக்கில் லேசில் கரையாது. சரியாகக் கரையாவிட்டால் மோர் மாதிரி கலங்கி, உள்ளே பிறந்த ஒளி உள்ளேயே செத்துப்போகும். இப்போது கெமிஸ்ட்ரி ஆட்கள் மல்லுக்கட்டுவது அங்கேதான்.